மூச்சைக் காப்பது இயந்திரம். நினைவைக் காப்பது யார்?



பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், காப்பியும் மிளகும் விளைகின்ற ஊர் ஒன்றில், எனக்கு மாமு முறையாகும் பெரியவர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். வயது 65-ஐக் கடந்தவர். தோட்டக்காரர்களிடம் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்பது அவருடைய தொழில். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறோம், யாரிடமிருந்து எத்தனை மூட்டை வரவேண்டும் என்பதைக் கணக்கு நோட்டைத் திறவாமலே சொல்லக் கூடியவர். யாஸீன், வாக்கிஆ, முல்க் ஆகிய ஸூராக்கள் அவருக்கு மனப்பாடம்.

ஒரு மார்கழி மாதத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. இரவோடு இரவாக மலையிலிருந்து இறக்கி, சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 11 நாள்கள் வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையில் இருந்தார். அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வீடு திரும்பினார். ஊரே மகிழ்ந்தது, வீட்டில் மவ்லிதும் விருந்தும் நடந்தன.

இரண்டு மாதங்கள் கழித்து நான் அவரைக் காணச் சென்றிருந்தேன். அஸர் தொழுகைக்கு அவர் வீட்டிலேயே நின்றார். இடையில் தடுமாறினார். ஸலாம் கொடுத்ததும் அருகிலிருந்த பேரனைப் பார்த்து, "மூணா, நாலாடா தொழுதேன்?" என்று கேட்டார். பிள்ளை விழித்தான். பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. என் பக்கம் திரும்பி அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது:

"மருமகனே, சளி இருந்தது நெஞ்சிலே. தலையிலேயிருந்து என்னத்தை எடுத்துக்கிட்டாங்க?"

இந்த மாதம் நாம் பேசவிருப்பது அந்தக் கேள்விக்கான விடையைத்தான். நம் குடும்பங்களில் யாருக்கும், எந்த நேரத்திலும் வென்டிலேட்டர் தேவைப்படலாம். அப்போது நோயாளியின் மூச்சைக் காக்க இயந்திரமும் மருத்துவரும் இருக்கிறார்கள். அவருடைய நினைவைக் காப்பதில் வாசலில் காத்திருக்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு என்னவென்று அறியாமல் இருந்துவிடுகிறோம் என்பதே குறை.

தொடக்கத்தில் நோயாளிகள் விழித்திருந்தார்கள்

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டம் மருத்துவமனையில் குவிந்தனர். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்து கொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் இடப்பட்ட துளை வழியாகக் குழாயைச் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன் பின்னர் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அமுக்கினார்கள். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இதுவே.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நோயாளிகளில் பலர் குழந்தைகள், விழித்திருந்தவர்கள். மாணவர்கள் ஒரு கையால் பையை அமுக்கிக் கொண்டே அவர்களுக்குக் கதை படித்தார்கள், அவர்களோடு விளையாடினார்கள். மூச்சுக்குழாய் இருப்பதாலேயே ஒருவரை ஆழ்ந்த மயக்கத்தில் கிடத்த வேண்டும் என்னும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. அன்றைய இயந்திரங்கள் நோயாளியின் சொந்த மூச்சோடு ஒத்துப்போகாமல் முரண்பட்டன. அந்த முரண்பாட்டை அடக்க மயக்க மருந்து பெருமளவில் பயன்பட்டது. இயந்திரங்கள் திருந்திய பிறகும் பழக்கம் பல இடங்களில் நீடித்தது.

தூக்கமல்ல, மயக்கம்

மாமுவின் பிள்ளைகள் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தா நிம்மதியாகத் தூங்குகிறார்கள்" என்று சொல்லி ஆறுதல் அடைந்தார்கள். நாமும் அப்படித்தான் எண்ணுவோம். ஆனால் மருந்தால் வரும் மயக்கம் வேறு. அல்லாஹ் நமக்கு ஓய்வாக அளித்திருக்கும் உறக்கம் வேறு. இயற்கையான உறக்கத்தில் மூளை படிப்படியாக ஆழ்ந்து, பகலில் கண்டதையும் கேட்டதையும் நினைவில் பதிய வைக்கிறது. ஆழ்ந்த மயக்கத்தில் அந்தப் பணி முறையாக நடைபெறுவதில்லை.

மயக்கத்திலிருந்து பாதி மீண்டும் மீளாமலும் கிடக்கும்போது நோயாளிக்கு ஏற்படும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். நம் பாட்டிமார் ஜன்னி கண்டு பிதற்றுகிறார் என்பார்களே, அதற்கு நெருங்கிய நிலை. மாமுவுக்கும் இது நேர்ந்திருக்கிறது. தாம் படுத்திருந்த கட்டில் பேரிஜம் ஏரியில் மிதக்கும் தோணி என்றும், வெள்ளை உடுத்தியவர்கள் தம்மைக் கட்டிப்போட்டுத் தண்ணீரில் தள்ள வந்தார்கள் என்றும் அவர் நெடுநாள் நம்பியிருந்தார். குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கக் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதுவே மனத்தில் அவ்வாறு உருமாறியிருக்கிறது.

டெலிரியம் கண்டவர் எல்லோரும் கத்திக் கலவரம் செய்வதில்லை. பெரும்பாலோர் அமைதியாகக் கண்மூடியோ, வெறித்துப் பார்த்துக் கொண்டோ கிடப்பார்கள். தொந்தரவு இல்லாத நோயாளி என்று எல்லோரும் விட்டுவிடுவதால் இந்த வகை எளிதில் தப்பிவிடுகிறது. இதைக் கண்டறிய 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து மருத்துவர் வெஸ்லி எலியும் அவர் குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதியாக, செவிலியர் சில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். பேச முடியாதவரையும் இதன் மூலம் ஓரிரு நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

இழப்பு எவ்வளவு?

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூச்சுச் செயலிழப்பாலோ இரத்த அழுத்த வீழ்ச்சியாலோ தீவிர சிகிச்சைக்கு வந்த 821 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2013-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இருந்தபோது அவர்களில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் கண்டிருந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு நினைவும் சிந்தனையும் தலையில் நடுத்தரக் காயம் பட்டவரைப் போலக் குறைந்திருந்தன. நான்கில் ஒருவருக்கு ஆரம்பநிலை அல்ஸைமர் நோயாளிக்கு ஒப்பான குறைவு இருந்தது. முதியவர்களுக்கு மட்டுமன்றி இளையவர்களுக்கும் இது நேர்ந்திருந்தது. எத்தனை நாள்கள் டெலிரியம் நீடித்ததோ அந்த அளவுக்கு இழப்பும் மிகுந்திருந்தது.

காரணம் ஒன்றல்ல. இரத்தத்தில் பிராணவாயு குறைதல், இரத்த அழுத்தம் வீழ்தல், நோய்த்தொற்று உடலெங்கும் மூட்டும் அழற்சி, சர்க்கரையின் ஏற்றத்தாழ்வு, உறக்கமின்மை, அசையாமல் கிடத்தல், சில வகை மயக்க மருந்துகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே மூளையைத் தாக்குகின்றன. இவற்றுள் சில நம் கையில் இல்லை. ஆனால் சில நிச்சயமாகத் தவிர்க்கத் தக்கவை.

மலைவாழ் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மூளையின் முதல் இழப்பு பெரும்பாலும் வென்டிலேட்டருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவு. நலமாக இருக்கும்போது உடல் இதற்குப் பழகிக்கொள்கிறது. நுரையீரல் பழுதுபட்டால் மலையில் இருப்பவருக்குக் கையிருப்பு குறைவாகவே இருக்கும். நினைவைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியோ பிராணவாயுக் குறைவைச் சற்றும் தாங்காதது.

எனவே பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் வாழ்வோர், மூச்சு வாங்கத் தொடங்கிய நோயாளியை "விடியட்டும், முதல் பேருந்தில் இறக்கலாம்" என்று வைத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே மூச்சுத் திணறல் என்று சொல்லிப் பிராணவாயு வசதி வேண்டும் எனக் கேளுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால், நலமாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொருவரின் அளவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அந்த எண் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. வழக்கமான அளவைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம்.

மலையடிவாரத் தோட்டங்களிலும் மேல்மலைக் காய்கறிக் கொல்லைகளிலும் வேறு இரண்டு காரணங்களால் மூச்சு நிற்பதுண்டு. ஒன்று, கட்டுவிரியன் கடி. உறக்கத்தில் வலி தெரியாமல் கடித்துவிடும். விடியற்காலையில் வயிற்று வலியும், இமை தொங்குதலும், பேச்சுக் குழறலும் தோன்றி, பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மற்றொன்று, பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்தல். இதில் முதல் ஆபத்து நீங்கித் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடுவதை, 1987-ஆம் ஆண்டில் இலங்கையின் பேராதனையிலிருந்து மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தையும் பத்து நோயாளிகளைக் கொண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அன்று முதல் இத்தகையோரைக் கண்காணிப்பில் வைத்திருந்து, வேண்டும்போது வென்டிலேட்டரில் இடும் முறை எங்கும் பரவியது.

இவ்விரு வகையினரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன, அறிவு விழித்திருக்கலாம். கட்டுவிரியன் கடித்தவர் இமையைக்கூடத் திறக்க முடியாமல், மூளையே இறந்துவிட்டவர் போலக் கிடந்து, சில நாள்களில் முழுமையாக எழுந்து வந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவர் காதில் எல்லாம் விழுந்து கொண்டிருக்கக் கூடும். அவர் தலைமாட்டில் நின்று "இனி எங்கே பிழைக்கப் போகிறார்" என்று பேசுவது எத்தகைய கொடுமை! அங்கே ஆறுதலான சொற்களையே பேசுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மருத்துவரோடு வாதிடுவதற்காக அல்ல, அவரோடு ஒத்துழைப்பதற்காக இக்கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள்.

முதலாவது: "இன்று அவரை விழிக்க வைத்துப் பார்ப்பீர்களா?" 2000-ஆம் ஆண்டில் சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி விழிக்க வைத்தவர்கள் சுமார் 5 நாள்களில் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களுக்கு 7 நாள்களுக்கு மேல் ஆயிற்று. விழிக்க வைப்பதோடு, தாமாக மூச்சு விட முடிகிறதா என்ற சோதனையையும் நாள்தோறும் சேர்த்துச் செய்தபோது ஓராண்டு வரை உயிர் வாழ்ந்தோர் தொகையும் கூடியதாக 2008-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு காட்டியது.

இரண்டாவது: "என்ன மயக்க மருந்து போகிறது? குறைக்க இயலுமா?" மிடாஸோலம், லோராஸிபாம் ஆகியவை அடங்கிய மருந்துக் குடும்பம் டெலிரியத்தை மிகுதியாக்குகிறது. வேறு மருந்துகள் பொருந்துமானால் அவற்றையே தேர்ந்தெடுக்கும்படி 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன.

மூன்றாவது: "வலிக்கு மருந்து கொடுக்கப்படுகிறதா?" பேச முடியாதவரின் வலி பல நேரங்களில் படபடப்பாக வெளிப்படும். வலியைத் தணித்தாலே மயக்க மருந்தின் தேவை குறைந்துவிடுவதுண்டு.

நான்காவது: "எப்போது உட்கார வைப்பீர்கள்?" குழாயோடு இருப்பவரை உட்கார வைப்பதா என்று திகைக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வென்டிலேட்டரில் இருந்த முதல் சில நாள்களிலேயே பிசியோதெரபி பெற்றவர்களுக்கு டெலிரியம் 2 நாள்கள் மட்டுமே நீடித்தது. மற்றவர்களுக்கு 4 நாள்கள். 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஓராண்டு கழித்து நினைவுக் குறைவு கண்டவர்கள், முன்கூட்டியே அசைக்கப்பட்டவர்களில் 24 சதவீதம். வழக்கமான முறையில் இருந்தவர்களில் 43 சதவீதம். கை கால்களை அசைப்பது மூளையைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்றைக்கு முடியாது என்று மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தவர், ஓயாத வலிப்பு உள்ளவர், நுரையீரல் மிகக் கடுமையாகப் பழுதுபட்டவர் ஆகியோருக்கு ஆழ்ந்த மயக்கம் உண்மையிலேயே தேவைப்படும். காரணத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளும் அதே கேள்வியைக் கேளுங்கள். டெலிரியத்தை ஊசி போட்டுத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பெரிதும் பொய்த்துவிட்டது. அதற்கென வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த ஹாலோபெரிடால் மருந்து, வெறும் உப்பு நீரைவிட மேலானதாக இல்லை என்று 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது.

உறவினர் செய்யத்தக்கவை

கொரோனா காலத்தில், 14 நாடுகளைச் சேர்ந்த 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, நேரிலோ தொலைபேசித் திரையிலோ குடும்பத்தாரைக் கண்டவர்களிடம் டெலிரியம் குறைவாக இருந்தது. அதே வேளையில், பிரேசிலில் பார்வை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி வரை நீட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் ஆய்வில், உறவினரின் பதற்றம் தணிந்ததே தவிர டெலிரியம் குறைந்ததாக உறுதிப்படவில்லை. எனவே, போய் நின்றால் மட்டும் போதாது. கிடைக்கும் பத்து நிமிடத்திலும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்வோம்.

மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டு சேருங்கள். பார்வையும் செவியும் மங்கியவருக்கு உலகம் இன்னும் குழப்பமாகத் தெரியும். அவரை வீட்டில் எப்படி அழைப்போம், வீட்டில் பேசுவது தமிழா உருதுவா, எந்தக் காது மந்தம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள்.

அருகில் சென்றதும் முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். பிறகு இடத்தையும் நாளையும் சொல்லுங்கள்: "அத்தா, நான் உங்கள் மகள். இது ஆஸ்பத்திரி. மூச்சுக்காகக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பேச முடியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. இப்போது அஸர் நேரம்." ஐவேளைத் தொழுகையைப் போல நேரத்தை உணர்த்தும் கடிகாரம் நம் மக்களுக்கு வேறில்லை. வாழ்நாளெல்லாம் அந்த நேரங்களை வைத்தே பொழுதை அளந்தவருக்கு "பஜ்ரு ஆகிவிட்டது" என்ற ஒரு சொல் பகலையும் இரவையும் பிரித்துக் காட்டும். இரவில் விளக்கைத் தணிக்கவும், காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்து உறங்கவிடவும் முடியுமா என்று செவிலியரைக் கேளுங்கள்.

குர்ஆனை மெல்லிய குரலில், சிறிது நேரம் ஓதுங்கள். அவருக்குப் பழகிய ஸூராவாக இருக்கட்டும். பெண் நோயாளியாயின், தலையை மறைக்கத் தூய துணி ஒன்றைக் கொடுத்து, அது குழாய்களில் சிக்காதபடி செவிலியரின் இசைவோடு போர்த்துங்கள். மானம் காக்கப்படுகிறது என்ற உணர்வே பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

ஒரு சிறு நோட்டில், நாள்தோறும் நடந்ததை நான்கு வரிகளில் எழுதி வையுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியரும் உறவினரும் சேர்ந்து இவ்வாறு நாட்குறிப்பு எழுதுவது நெடுநாளாக இருந்து வரும் வழக்கம். பின்னால் நோயாளி அதைப் படிக்கும்போது, நடந்தது எது, குழப்பத்தில் கண்டது எது என்று பிரித்தறிய உதவும்.

செய்யத்தகாதவை

அன்பின் மிகுதியால் நாம் செய்யும் சில காரியங்கள் உயிருக்கே ஆபத்தாகும். வாயில் குழாய் உள்ளவருக்கு ஜம்ஜம் நீரானாலும், ஓதிய நீரானாலும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி மீண்டும் நிமோனியாவை உண்டாக்கும். கட்டிய கையை யாரும் அறியாமல் அவிழ்த்துவிடக் கூடாது. அவிழ்க்க வேண்டுமானால் செவிலியரிடம் கேட்டு, நீங்கள் அருகிலேயே இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோயாளியைச் சந்திப்பது நம்மீதுள்ள கடமை என்பதற்காக மஹல்லாவே திரண்டு செல்ல வேண்டாம். நாள்தோறும் ஒரே ஓரிருவர் செல்வதே நோயாளிக்கு நல்லது. மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே துஆச் செய்யலாம்.

குழப்பத்தில் அவர் உங்களை ஏசினாலும், அடித்தாலும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறிவு மயங்கியவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இறைவனே எழுதாததை நாம் ஏன் எழுதி வைக்க வேண்டும்?

வீடு திரும்பிய பின்

மறதி கண்டவரைப் பார்த்து வயதாகிவிட்டது என்பார் சிலர். ஜின் கோளாறு என்பார் வேறு சிலர். இரண்டும் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடும். வென்டிலேட்டரில் இருந்தவருக்கு மறதி, கவனக் குறைவு, அச்சக் கனவு, மனச் சோர்வு, தசைத் தளர்ச்சி ஆகியவை தொடர்வதற்கென்றே மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஏதேனும் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, "இத்தனை நாள் வென்டிலேட்டரில் இருந்தார், அதற்குப் பின் இந்த மறதி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச் சோர்வு, செவிக்குறை ஆகிய சரிசெய்யத்தக்க காரணங்களும் கூடவே இருக்கலாம். உறக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது மறதியை வளர்க்கும்.

மருத்துவர் இசையும் வரை மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடாதீர்கள். பணக் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் உடன் இருக்கட்டும். ஆனால் சாவியையும் கணக்கு நோட்டையும் அவர் கையிலிருந்து ஒரேயடியாகப் பறித்துவிட வேண்டாம். நாள்தோறும் நடை, சிறு கணக்கு, தெரிந்த ஸூராக்களைத் திரும்ப ஓதுதல், பேரப்பிள்ளைகளோடு பேச்சு என்று படிப்படியாகப் பழக்குங்கள். முன்னேற்றம் பல மாதங்கள் தொடரும்.

தொழுகையைக் குறித்தும் கவலை வேண்டாம். ரக்அத்தில் ஐயம் வந்தால் உறுதியான குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு நிறைவு செய்து, ஸஜ்தா ஸஹ்வு செய்யும் வழியை மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கிறது. அடிக்கடி ஐயம் வருவோருக்கும், மயக்கத்தில் தவறிய தொழுகைகளுக்கும் மத்ஹபுக்கு ஏற்ப விதிகள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மறதி கொண்ட ஒருவரும் அல்லாஹ்வின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படுவதில்லை.

மாமுவின் மகள் மருத்துவமனை வாசலில் அமர்ந்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியிட்டுச் சில குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததன்று. மனம் தாளாமல் எழுதியது. "இன்று யாஸீன் ஓதினேன். கண்ணைத் திறந்தார்கள்" என்று அதில் ஓரிடத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். தோணியில் கிடந்தபோது கரையிலிருந்து யாரோ ஓதுவது கேட்டதாகவும், அந்தக் குரல் இருக்கும் வரை தள்ளிவிட மாட்டார்கள் என்று தைரியமாக இருந்ததாகவும் பின்னர் சொன்னார்.

இப்போது அவருடைய கணக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது. முன்போல் அல்ல, நோட்டைத் திறந்து பார்க்கிறார். ஐவேளையும் பள்ளிவாசலுக்குச் சென்றுவிடுகிறார். "ஜமாஅத்திலே நின்றால் ரக்அத்தை இமாம் எண்ணிக் கொள்கிறார், மருமகனே. நான் பின்னால் நின்றால் போதும்" என்கிறார்.

நோயுற்ற ஒருவர் எண்ண முடியாதபோது அவருக்காக எண்ணுவதற்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மருத்துவமனையிலும் அதுவே, வீட்டிலும் அதுவே. வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்கள் அருகில் இருப்போருக்குப் பொறுமையையும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.